கரண்ட் பில்லும் ஒரு வாளி வெந்நீரும்

"தம்பி, வீட்ல மூணே மூணு லைட்டுதான் எரியுது. பில்லு மட்டும் எப்படி இவ்வளவு வருது?"

வடக்குத்து, இந்திரா நகர், வடலூர் சாலை என்று இந்தப் பக்கமே வயரிங் வேலை பார்த்துத் தலை நரைத்துவிட்டது. இந்தக் கேள்வி காதில் விழாத மாதம் கிடையாது. கேட்கிறவர்கள் எல்லோருடைய கையும் மேலே, விளக்கைத்தான் காட்டும். வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் சந்தேகம் அதன்மேல் விழுகிறது. நான் அவர்களைக் குளியலறைப் பக்கம் கூட்டிப்போவேன். வீட்டில் எது சூடாகிறதோ அதுதான் யூனிட்டைத் தின்கிறது. இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

எங்கள் ஊர் பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவில், கும்பகோணம் சாலையில் இருக்கிறது. செம்மண், முந்திரித்தோப்பு, பலா. சாலைக்கு அந்தப் பக்கம் நெய்வேலி டவுன்ஷிப். சோவியத் நாட்டு உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தில் 1962இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். படிப்படியாக வளர்ந்து 600 மெகாவாட் கொடுத்த அந்த நிலையம் 2020இல் ஓய்வுபெற்றது; இப்போது அதற்குப் பதிலாக 1,000 மெகாவாட்டில் புது நிலையம் ஓடுகிறது. டவுன்ஷிப் வீடுகளுக்கு நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் கரண்ட், சாலைக்கு இந்தப் பக்கம் மின்வாரியத்தின் கரண்ட். புகைபோக்கி தெரியும் தூரத்தில் குடியிருந்தும், ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணிச் செலவழிக்கிற ஜனங்கள் நாங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் எல்லா வீட்டிலும் குண்டு பல்புதான். தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் வயரை கிளிப் போட்டு இழுக்கிற பேட்டன் வயரிங். கூடத்தில் 60 வாட், சமையல்கட்டில் 40, திண்ணையில் 40. என்னைத் தொழிலுக்குக் கூட்டிப்போன அண்ணன், எரிந்துகொண்டிருந்த பல்புக்குக் கீழே என் கையைக் காட்டச் சொல்லி, "இது விளக்கு இல்லடா, அடுப்பு. கொஞ்சம் வெளிச்சமும் வருது, அவ்வளவுதான்" என்பார். அவர் சொன்னது கணக்கிலும் சரி. குண்டு பல்புக்குள் இருக்கிற டங்ஸ்டன் இழை வெள்ளையாகப் பழுக்கக் காய்ந்தால்தான் ஒளி வரும். உள்ளே போகிற மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு போலத்தான் வெளிச்சமாகும், மிச்சமெல்லாம் சூடு. 60 வாட் பல்பு கொடுக்கிற ஒளி சுமார் 700 லூமென்.

குடிசைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த ஒரு விளக்கு இணைப்பில் 40 வாட் பல்பு மாட்டுவோம். சாயங்காலம் எங்கள் பக்கத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170, 180 என்று நிற்கும். வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் பல்பின் வெளிச்சமும் கால்வாசிதான் குறையும் என்று நினைக்கக் கூடாது. இழையின் சூடு இறங்க இறங்க ஒளி அதைவிட வேகமாக விழும். சிவப்பாக ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் புள்ளிக்குக் கீழே புத்தகத்தை வைத்துப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெளிச்சம் என்பது வசதிப் பொருள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பிறகு டியூப் லைட் வந்தது. நாலடி டியூப், 40 வாட். பட்டிக்குள் இருக்கும் காப்பர் சோக்கு பத்து, பதினைந்து வாட் தனியாக இழுக்கும். சோக்கைத் தொட்டால் சுடும், சில சமயம் 'ம்ம்ம்' என்று இரையும். ஆக, ஒரு டியூப் என்றால் மீட்டரில் ஐம்பது வாட்டுக்கு மேல். ஆனாலும் குண்டு பல்பைவிட மூன்று, நாலு மடங்கு வெளிச்சம். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டர் கண்ணடித்துக்கொண்டே இருக்கும், டியூப் பிடிக்காது. அதற்காக ஒரு குண்டு பல்பையும் பக்கத்திலேயே மாட்டி வைப்போம். எலக்ட்ரானிக் சோக்கு வந்த பிறகு அந்த இரைச்சலும் போனது, சோக்கு தின்ற யூனிட்டும் பெருமளவு மிச்சமானது.

வாட் கணக்கு எங்கள் ஊர் ஜனங்களுக்கு உறைத்தது தானே புயலில். 2011 டிசம்பர் 30 காலையில் அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வயல் வயலாகப் படுத்துக்கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் தெருத்தெருவாகப் போனது. சாயங்காலம் அதே ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து வீட்டுக்கு ஒரு விளக்கு கொடுத்தோம். 1,500 வாட் தாங்கும் இயந்திரத்தில் 60 வாட் குண்டு பல்பு என்றால் இருபத்தைந்து. குண்டு பல்பு மாட்டும் இடத்திலேயே மாட்டுகிற சின்ன டியூப்பான 15 வாட் சிஎஃப்எல் என்றால் நூறு. டீசல் காசு கைவிட்டுப் போகும்போது, "எல்லாரும் குண்டு பல்பைக் கழட்டுங்க, சிஎஃப்எல் இருக்கிறவங்க மட்டும் மாட்டுங்க" என்று ஊர்ப் பெரியவர்களே சொன்னார்கள். நான் வருஷக்கணக்கில் சொல்லிப் புரியாததைப் புயல் சில நாளில் புரியவைத்தது. அடுத்த வருஷம் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. இன்வெர்ட்டர் வாங்கியவர்களும் அதே பாடத்தைப் படித்தார்கள்: பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதில் எத்தனை வாட் மாட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

சிஎஃப்எல்லில் ஒரு குறை உண்டு. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, துண்டுகளை அட்டையால் ஒதுக்கி எடுக்க வேண்டும். கையால் தொடக் கூடாது. பழைய சிஎஃப்எல் இன்னும் எங்காவது பரணில் கிடந்தால் குப்பையில் உடைத்துப் போடாதீர்கள்.

எல்இடி அந்தக் கவலையையும் தீர்த்தது. நீல எல்இடியைச் செய்து காட்டியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் கிடைத்ததால்தான் வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி, ஈஈஎஸ்எல் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், முன்னூறு ரூபாய்க்கு மேல் விற்ற பல்பு நூறு ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்தத் திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடி பல்புக்கு மேல் போயிருக்கிறது. இன்று 9 வாட் எல்இடி, பழைய 60 வாட் குண்டு பல்பைவிட அதிக வெளிச்சம் கொடுக்கிறது. வோல்டேஜ் 150க்கு இறங்கினாலும் நல்ல பல்பு மங்காது. சிவப்புப் புள்ளிக்குக் கீழே படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வெள்ளை வெளிச்சத்தில் எழுதுகிறார்கள். என் தொழில் காலத்தில் நான் பார்த்த மாற்றங்களில் இதற்குமேல் எனக்குச் சந்தோஷம் தந்தது இல்லை.

எல்இடியைக் கொல்வதும் சூடுதான். "பதினைஞ்சாயிரம் மணி நேரம் எரியும்னு போட்டிருக்கு, ஆறு மாசத்துல போயிடுச்சே" என்று கொண்டுவருவார்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் டையோடுகளில் பாதிக்குமேல் நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கிற டிரைவரின் கெப்பாசிட்டர் வீங்கியிருக்கும், அல்லது ஒரே ஒரு டையோடு கருகி வரிசை முழுவதையும் அணைத்திருக்கும். காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் ஆயுள் குறையும். கையில் எடுத்தால் காற்றாக இருக்கிற பல்பில், சூட்டை வெளியே இழுக்க அலுமினியம் குறைவு என்று அர்த்தம். வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் லூமென் எத்தனை என்று பாருங்கள். ஒரு வாட்டுக்கு நூறு லூமெனை ஒட்டி இருந்தால் நல்லது.

ஜீரோ வாட்ஸ் பல்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்கச் சாமி மாடத்திலும் படுக்கையறையிலும் எரியும் அந்தப் பழைய சின்ன பல்பு பத்திலிருந்து பதினைந்து வாட் வரை இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட் வரை. அரை வாட் எல்இடி அந்த வேலையைச் செய்யும்.

குண்டு பல்பு முழுக்கச் செத்துவிடவில்லை. இரண்டு இடத்தில் அதற்கு இன்னும் மரியாதை இருக்கிறது. ஒன்று, என் பையிலேயே இருக்கும் சீரீஸ் லேம்ப். ஷார்ட் ஆன இயந்திரத்தை நேராக லைனில் கொடுக்காமல் நூறு வாட் பல்பு வழியாகக் கொடுத்தால், பல்பு எரிகிற விதத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடலாம், ஃபியூஸும் போகாது. இன்னொன்று கோழிக்குஞ்சுக் கூண்டு. பொரித்த குஞ்சுகளுக்கு முதல் சில வாரம் கதகதப்பு வேண்டும். தகர மறைப்புக்கு நடுவில் ஒரு நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டால், நமக்கு வீணாகப் போகும் சூடு அவற்றுக்கு உயிர்.

குளிர்நாட்டுக்காரர்கள் இதையே தங்கள் வீட்டுக்கும் சொல்லிப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் 2009 முதல் குண்டு பல்பைப் படிப்படியாக நிறுத்தியபோது, "பல்பின் சூடு வீட்டைச் சூடாக்கத்தானே உதவுகிறது, அதில் என்ன நஷ்டம்?" என்று கேட்டார்கள். 2010இல் ஜெர்மனியில் ஒருவர் அதே பல்பை 'ஹீட்பால்' என்று பெயர் வைத்து, இது விளக்கில்லை, சின்ன ஹீட்டர் என்று சொல்லி விற்றார். அதிகாரிகள் சரக்கைத் தடுத்தார்கள், வழக்கு நடந்தது. ஒரு யூனிட் மின்சாரம் பல்பில் எரிந்தாலும் ஹீட்டரில் எரிந்தாலும் வருகிற சூடு ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் மின்சாரத்தை நேராகச் சூடாக மாற்றுவதே விலை கூடின வழி. மேலும் அந்தச் சூட்டில் நிறைய கூரைப் பக்கமே போய்விடும். நம் ஊரில் அந்த வாதத்துக்கே இடமில்லை. சித்திரை வெயிலில் குண்டு பல்பு எரிந்தால், அதன் சூட்டை விரட்ட மின்விசிறி, ஏசி இருந்தால் அதற்கும் கூடுதல் வேலை. ஒரே சூட்டுக்கு இரண்டு தடவை காசு.

நம் பக்கத்தில் வீட்டைச் சூடாக்குகிறவர் யாரும் இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் அது உண்டு. நாம் சூடாக்குவது குளிக்கிற தண்ணீரை. இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 860 கிலோகலோரி இருக்கிறது. இருபது லிட்டர் வாளி, தொட்டித் தண்ணீர் 27 டிகிரி, குளிக்க 42 டிகிரி. பதினைந்து டிகிரி ஏற்ற 300 கிலோகலோரி. அதாவது ஒரு வாளிக்கு 0.35 யூனிட். அந்த 0.35 யூனிட்டில் 9 வாட் எல்இடி முப்பத்தெட்டு மணி நேரம் எரியும். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். அதே வீட்டில் ஆறு எல்இடி தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 16 யூனிட்தான். வீட்டு வெளிச்சம் முழுவதற்கும் ஆவதைப்போல ஐந்து மடங்கு குளியலறையில் போகிறது. விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டிவிட்டு, கீசரைப் போட்டபடியே காய்கறி வாங்கப் போகும் வீடுகளை நான் தினமும் பார்க்கிறேன்.

முன்பு வெந்நீருக்குக் கரண்ட் கிடையாது. பின்கட்டில் அண்டா, முந்திரி விறகு. வசதியான வீட்டில் நடுவில் குழாய் வைத்த தாமிர பாய்லர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் காயவைத்து, அழுத்தி, கரியாக்கி லெக்கோ என்ற பெயரில் விற்றார்கள். புகை குறைவு, கனல் நின்று எரியும். டீக்கடைகளிலும் பாய்லர் வைத்த வீடுகளிலும் அதுதான். அந்த நெருப்பு நேராகத் தண்ணீரைத் தொட்டது. இன்று அதே நிலக்கரியை மின்நிலையத்தில் எரித்து, நீராவியாக்கி, டர்பைனைச் சுழற்றி, மின்சாரமாக்கி, கம்பி வழியே கொண்டுவந்து, குளியலறையில் மறுபடி சூடாக்குகிறோம். எரித்த சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக வெளியே வருகிறது. நெய்வேலி நிலக்கரியில் பாதி ஈரம். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் போட வேண்டும். நாலு பேர் வெந்நீருக்கான அந்த 84 யூனிட் என்பது, வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்தால், கிட்டத்தட்ட நூறு கிலோ நிலக்கரி. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண் அள்ள வேண்டும், சுரங்கத்தில் ஊறும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். நூறு கிலோவுக்கு அரை கன மீட்டர் மண். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் எங்களோடுதான் குடியிருக்கிறார்கள்.

வெந்நீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலிக்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மார்கழிக் காலையில் வெந்நீர் தேவைதான். அளவோடு, வழியோடு செய்யலாம். கீசர் தெர்மோஸ்டாட்டை 60லிருந்து 45, 50க்கு இறக்குங்கள். குளிக்கப் போகும் பத்து, பதினைந்து நிமிஷம் முன்னால் போட்டு, குளிக்கும் முன் அணையுங்கள். போட்டே வைத்தால் பாத்திரத்தின் சூடு சும்மா சுவருக்குப் போகும், கீசர் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள் இந்த இழப்பைத்தான் அளக்கிறது. தனி ஆளுக்கு 25 லிட்டர் கீசர் எதற்கு? போர் தண்ணீரில் உப்பு இருந்தால் வருஷம் ஒரு தடவை காயிலைக் கழற்றி, படிந்த உப்பைச் சுரண்டுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டித் தண்ணீரே இதமாக இருக்கும். சாயங்காலம் குளிப்பவருக்குக் கீசர் தேவையே இல்லை.

ஹீட்டர் ராடு போடுகிறவர்கள் பிளாஸ்டிக் வாளியில், தண்ணீர் மட்டம் குறி தாண்டியதும்தான் சுவிட்ச் போட வேண்டும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். 1,500 வாட் ராடுக்கு ஒரு வாளி சூடாக பதினான்கு நிமிஷம் போதும். அரை மணி நேரம் விட்டால் இரண்டு வாளிக்கான யூனிட் போய்விடும். கீசருக்குத் தனி எம்சிபி, 16 ஆம்ப் சாக்கெட், இரண்டரை ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாத வயர், சரியான எர்த், கூடவே கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி. ஓடும்போது பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் உள்ளே லூஸ் கனெக்‌ஷன். அந்தச் சூடும் உங்கள் பில்லில்தான் ஏறுகிறது. ஒருநாள் தீயாகவும் மாறும்.

முடிந்தவர்கள் சோலார் வெந்நீர் கருவி வையுங்கள். நூறு லிட்டர் தண்ணீரை இருபது டிகிரி ஏற்றினால் தினம் இரண்டு யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் கைவிடும், மற்ற மாதமெல்லாம் கைகொடுக்கும்.

பில்லில் இதன் பலன் எப்படித் தெரியும் என்றும் கேட்பார்கள். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் 2016 முதல் வீடுகளுக்கு இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட் 233 ரூபாய், ஏனென்றால் ஐந்நூறைத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகை விலை போய்விடும். ரேட் பிறகு மாறியிருக்கலாம், இன்னும் மாறும். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். ஐந்நூறை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு, ஒரு நாளில் ஒரு வாளி வெந்நீரைக் குறைப்பதே இரண்டு மாதத்தில் இருபது யூனிட்.

இன்று சாயங்காலமே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டைச் சுற்றி வந்து, எதெல்லாம் சூடாகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: கீசர், ராடு, இஸ்திரிப்பெட்டி, இன்னும் கழற்றாத குண்டு பல்பு, சுடுகிற பிளக். ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பில் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.